ஆசிரியப் பயிற்சிக்கென்று பிறந்த ஒரு பல்கலைக்கழகம்: இல்லினாய், 1857 முதல் 1968 வரை – நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிக்காகோவிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவில், நார்மல் என்றொரு ஊர் இருக்கிறது. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளிகளுக்கு ஒருகாலத்தில் வழங்கிய பெயரே அந்த ஊருக்கும் நிலைத்துவிட்டது. அங்கே 1857-இல் தொடங்கிய நிறுவனம் இன்று இல்லினாய் மாநிலப் பல்கலைக்கழகம் என்ற பெயரில், 20,000-க்கும் மேற்பட்ட மாணவர்களுடன் இயங்குகிறது. ஊரின் பெயரில் 'நார்மல்' இன்னும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரில் இல்லை. அந்தச் சொல் எப்படி வந்தது, ஏன் அவ்வளவு காலம் காக்கப்பட்டது, எந்தச் சூழலில் கைவிடப்பட்டது, அதனுடன் வேறு எவையெல்லாம் போயின என்பதே இந்த ஆய்வின் பொருள்.

நிறுவனத்தின் தலைவர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் ஆகியோரைப் பொறுப்பால் மட்டுமே குறித்திருக்கிறேன். எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் காரணங்களுமே நமக்குப் பாடமாகக்கூடியவை. பெயர் சொல்லாவிட்டால் நிகழ்வு விளங்காது என்ற இடங்களில் மட்டும், பொதுவாழ்வில் அறியப்பட்ட சிலரைப் பெயரிட்டுச் சொல்லியிருக்கிறேன்.

பின்புலம்: பள்ளிச் சட்டம் வந்தது, ஆசிரியர் வரவில்லை

ஆசிரியர்களைத் தனியே பயிற்றுவிக்க ஒரு பள்ளி வேண்டும் என்ற எண்ணம் ஐரோப்பாவில் முளைத்தது. பிரெஞ்சு மொழியில் அத்தகைய பள்ளியை 'எக்கோல் நார்மால்' என்றார்கள்; நெறி, அளவுகோல் என்ற பொருளில், எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரியாக நிற்கும் பள்ளி என்பது கருத்து. அமெரிக்காவில் அரசு நடத்திய முதல் நார்மல் பள்ளி 1839-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெக்சிங்டன் ஊரில், 3 மாணவிகளுடன் திறக்கப்பட்டது. சென்னையிலும் 1856-இல் அரசு நார்மல் பள்ளி ஒன்று தொடங்கி, அதுவே பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாயிற்று என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சொல் அக்காலத்தில் எவ்வளவு தொலைவு பயணம் செய்திருந்தது என்பது புரியும்.

இல்லினாய் அப்போது புல்வெளியும் சோளக்கொல்லையுமாக இருந்த மாநிலம். 1855-இல் இயற்றப்பட்ட இலவசப் பள்ளிச் சட்டம், பொதுப் பள்ளிகளுக்கென்று மாநில அளவில் வரி வசூலிக்க வழிசெய்தது. பணம் வரத் தொடங்கியதும் ஊர்தோறும் ஓரறைப் பள்ளிகள் எழுந்தன. அவற்றில் நின்று பாடம் சொல்ல ஆள் இல்லை. மாவட்ட அளவில் இருந்த ஓர் அலுவலர் சிறிய தேர்வொன்றை வைத்துச் சான்றிதழ் கொடுத்தால் எவரும் ஆசிரியராகிவிடலாம் என்பதே நடைமுறை. அறுவடை முடிந்த குளிர்கால மாதங்களுக்கு ஓர் ஆண், கோடைக்கு ஒரு பெண் என்று, பருவத்துக்குப் பருவம் ஆசிரியர் மாறிக்கொண்டிருந்த பள்ளிகள் ஏராளம்.

இதே காலத்தில் மாநிலத்தில் இன்னொரு கோரிக்கையும் வலுப்பெற்றிருந்தது. உழவர்களின் பிள்ளைகளுக்கும் கைத்தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் தொழில்சார்ந்த உயர்கல்வி தரும் பல்கலைக்கழகம் வேண்டும் என்று, ஜோனதன் பால்ட்வின் டர்னர் என்ற முன்னாள் கல்லூரிப் பேராசிரியர் 1851 முதல் இயக்கம் நடத்திவந்தார். மாநிலத்திடம் உயர்கல்விக்கென்று ஒதுக்கப்பட்ட நிதி ஒன்று இருந்தது. அதன் வட்டியின்மேல் சமயச் சபைகள் நடத்திய கல்லூரிகளும் கண் வைத்திருந்தன. ஆசிரியர் சங்கத்தார் நார்மல் பள்ளி கேட்டார்கள். டர்னரின் ஆதரவாளர்கள் பல்கலைக்கழகம் கேட்டார்கள். இரண்டு தரப்பும் தனித்தனியே நின்றால் இரண்டுக்குமே எதுவும் கிடைக்காது என்ற நிலை.

முதல் முடிவு: இரண்டு கோரிக்கைக்கு ஒரே பெயர் (1857)

1857 பிப்ரவரி 18 அன்று மாநில ஆளுநர் கையெழுத்திட்ட சட்டம், அந்த இரண்டு கோரிக்கைகளையும் ஒரே பெயருக்குள் வைத்தது. நிறுவனத்துக்கு 'நார்மல் பல்கலைக்கழகம்' என்று பெயரிடப்பட்டது. இல்லினாயின் முதல் அரசுப் பல்கலைக்கழகம் இவ்வாறுதான் பிறந்தது. சட்டத்தின் நோக்கப் பிரிவைப் படிக்கும்போது அந்தச் சமரசம் கண்ணுக்குத் தெரிகிறது: பொதுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தகுதிப்படுத்துவது முதல் நோக்கம் என்று தொடங்கி, கற்பிக்கும் கலை, பொதுப் பள்ளிப் பாடங்கள் ஆகியவற்றோடு இயற்கை அறிவியலின் அடிப்படைகள், வேளாண் வேதியியல், விலங்கு மற்றும் தாவர உடலியங்கியல், நாட்டின் அடிப்படைச் சட்டங்கள், குடிமக்களின் உரிமைகளும் கடமைகளும் என்று பட்டியல் நீள்கிறது. வேளாண் வேதியியல் என்ற சொல் ஆசிரியப் பயிற்சிக்காக வந்து சேர்ந்ததன்று. டர்னரின் இயக்கத்துக்காக வைத்த இடம் அது.

இந்த முடிவைக் குறைகூற எனக்கு மனமில்லை. அன்றைய சூழலில் சட்டம் நிறைவேற வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு நிறுவனத்தின் பெயரிலேயே, தீர்க்கப்படாத கேள்வி ஒன்று தங்கிவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 'நார்மல்' என்பது எதைச் செய்ய வேண்டும் என்று சொன்னது. 'பல்கலைக்கழகம்' என்பது இனி என்னவாகலாம் என்று சொன்னது. அடுத்த நூறாண்டுகளில் இங்கே எழுந்த பூசல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு சொற்களுக்கு இடையில் நிகழ்ந்தவை.

சட்டத்தில் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. நிதியின் வட்டியைச் சம்பளத்துக்கும் நடைமுறைச் செலவுக்கும் பயன்படுத்தலாம். நிலம் வாங்கவோ கட்டடம் எழுப்பவோ கூடாது. ஆகவே எந்த ஊர் அதிகம் தருகிறதோ அந்த ஊருக்கே நிறுவனம் என்றாயிற்று.

இரண்டாம் முடிவு: இடத்தை ஊர்களின் போட்டிக்கு விட்டது

1857 மே மாதம் கல்வி வாரியம் பியோரியா நகரில் கூடி, ஊர்கள் எழுதித் தந்த உறுதிகளைப் பிரித்துப் பார்த்தது. பியோரியா முன்வைத்தது சுமார் 80,000 டாலர். புளூமிங்டன் முன்வைத்தது 1,41,000 டாலருக்கும் மேல். புளூமிங்டனுக்காக ஓடியாடித் தொகை சேர்த்தவர் ஜெஸ்ஸி ஃபெல் என்ற வழக்கறிஞர். ஊருக்கு வடக்கே இரண்டு இருப்புப்பாதைகள் சந்திக்கும் இடத்தில் நிலம் வைத்திருந்தவர்களில் அவரும் ஒருவர். பல்கலைக்கழகம் அந்தச் சந்திப்பின் அருகே வந்தால் அங்கே ஓர் ஊரே எழும் என்று அவர் கணக்கிட்டதில் தன்னலமும் இருந்தது, பொதுநலமும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

புளூமிங்டன் அளித்த உறுதியில் சுமார் பாதி, அதாவது 70,000 டாலர், மக்லீன் கவுண்டி (புளூமிங்டன் அடங்கிய மாவட்டம்) தனக்குச் சொந்தமான சதுப்பு நிலங்களை விற்றுத் தருவதாகச் சொன்ன தொகை. விற்காத நிலத்தின் விலையை நம்பி ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்குவதில் உள்ள இடர் வாரியத்துக்கும் தெரிந்திருந்தது. அதனால் சட்டப்படியான உத்தரவாதப் பத்திரம் ஒன்று கேட்கப்பட்டது. அதை எழுதித் தந்த வழக்கறிஞர் ஆபிரகாம் லிங்கன். நான்கு ஆண்டுகளில் அவர் நாட்டின் தலைவரானது தனிக் கதை. இங்கே அவருடைய பங்கு, வாய்ச்சொல்லைப் பத்திரமாக்கியது. இந்த நிகழ்வில் பிற்பாடு நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்த முன்னெச்சரிக்கைகளில் அது முதன்மையானது என்று கருதுகிறேன்.

முதல் நாட்களும் நின்றுபோன கட்டடமும் (1857–1860)

1857 செப்டம்பர் 29 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டடம் எழும்வரை காத்திராமல், அக்டோபர் 5 அன்று புளூமிங்டன் நகரின் மேஜர் மண்டபத்தில் வகுப்பு தொடங்கியது. அரசியல் கூட்டங்களுக்கும் சொற்பொழிவுகளுக்கும் வாடகைக்கு விடப்பட்ட மண்டபம் அது. முந்தைய ஆண்டு மே மாதம் லிங்கன் ஆற்றி, எவரும் எழுதி வைக்காததால் 'தொலைந்த உரை' என்று பெயர்பெற்ற சொற்பொழிவு நிகழ்ந்ததும் அங்கேதான். அங்கே முதல் நாள் வந்து உட்கார்ந்த மாணவர்கள் 19 பேர். கீழே கடைத்தெரு, மேலே வகுப்பு. பியோரியா உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவரே புதிய நிறுவனத்தின் முதல்வர். போட்டியில் தோற்ற ஊரிலிருந்து வந்து வென்ற ஊரில் பொறுப்பேற்றவர்.

சேர்க்கை விதி எளிமையானது. ஒவ்வொரு கவுண்டியிலிருந்தும் இருவர், சட்டமன்றத் தொகுதிக்கு ஒருவர் என்ற கணக்கில், கட்டணமின்றிப் படிக்கலாம். அதற்கு ஈடாக, இந்த மாநிலத்தின் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றுவதே தம் எண்ணம் என்று மாணவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். குதிரைவண்டியிலும் இரயிலிலுமாகத் தொலைவிலிருந்து வந்த ஓர் உழவர் வீட்டுப் பெண்ணுக்கு, அந்தக் கையொப்பமே கல்லூரிக் கட்டணமாக இருந்தது என்று சொல்லலாம். கட்டணம் செலுத்திப் படிக்கும் கல்லூரிகளுக்குப் போக வாய்ப்பே இல்லாதவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, திறந்த கதவு அது.

அடிக்கல் நாட்டிய அதே மாதங்களில் நாட்டில் பெரும் நிதி நெருக்கடி ஏற்பட்டது. வங்கிகள் மூடின, நிலத்தை வாங்க ஆளில்லை, உறுதி சொன்ன தனிநபர்களால் தவணை கட்ட முடியவில்லை. அஸ்திவாரத்தோடு வேலை நின்றது. 1859 வரை அது அப்படியே கிடந்தது. வாடகை மண்டபத்தில் வகுப்பு நடந்துகொண்டே இருந்ததால்தான் நிறுவனம் பிழைத்தது. கட்டடத்துக்காகக் காத்திருந்தால் இந்த ஆய்வுக்கே பொருள் இருந்திராது. 1860-இல் முதல் தொகுதியாகப் பயிற்சி முடித்து வெளியேறியவர்கள் 10 பேர்.

ஃபெல் அந்த வெட்டவெளியில் மரங்களை நட்டார். தோட்டக்கலை வல்லுநர் வில்லியம் சாண்டர்ஸ் வளாகத்துக்கு வரைபடம் தந்தார். பிற்பாடு கெட்டிஸ்பர்க் போர்வீரர் இடுகாட்டை வடிவமைத்தவரும் அவரே. இன்று அந்த வளாகம் முழுவதும் ஃபெல் பெயரில் மரப்பூங்காவாகப் போற்றப்படுகிறது.

போரும் அதன்பின் வந்த ஒழுங்கும்

1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. முதல்வரே படை திரட்டினார். ஆசிரியர்களும் மாணவர்களும் பெருமளவில் சேர்ந்த அந்தப் படைப்பிரிவு, இல்லினாய் 33-ஆம் காலாட்படை, மக்கள் வாயில் 'நார்மல் படை' என்றும் 'ஆசிரியர் படை' என்றும் வழங்கியது. விக்ஸ்பர்க் முற்றுகை வரை சென்று போரிட்ட படை அது. முதல்வர் திரும்பி வரவில்லை என்பதை இழப்பாக மட்டும் கொள்ள முடியாது. அவர் உயிரோடிருந்தார், படைத்தளபதியாக உயர்ந்தார், நிறுவனத்துக்குத்தான் அவர் திரும்பவில்லை. வகுப்பறைகளில் மிஞ்சியவர்களில் பெண்களே அதிகம். வகுப்பு நின்றுவிடாமல் காத்தது அவர்களுடைய வருகை.

1862-இல் பொறுப்பேற்றவர் மாசசூசெட்ஸின் நார்மல் பள்ளி மரபில் பயின்றவர். செயின்ட் லூயிஸ் நகரில் நார்மல் பள்ளியை நடத்தியவர். 1876 வரை அவர் இருந்த காலத்தில்தான் பயிற்சி முறை ஒரு வடிவம் பெற்றது. 1865-இல், பல்கலைக்கழகத்தைச் சுற்றி எழுந்த ஊருக்கும் நார்மல் என்ற பெயரே சூட்டப்பட்டது. மாணவர்களை அனுப்பும் பெற்றோர் நம்பிக்கை கொள்ள வேண்டும் என்று ஊரின் எல்லைக்குள் மதுவிற்பனையும் தடுக்கப்பட்டது. அந்தத் தடை 1970-கள் வரை நீடித்தது.

கண்டவை: மாதிரிப் பள்ளியும் பாதியில் போனவர்களும்

இந்த நிறுவனத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி மாதிரிப் பள்ளி. தொடக்கம் முதலே நார்மல் மாணவர்களின் வகுப்புகளோடு சேர்த்து, ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியும் அங்கே நடத்தப்பட்டது. பயிற்சி மாணவர் பாடத்தைத் தயாரித்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் முன் நிற்பார். அறையின் பின்புறத்தில், பயிற்சியை மேற்பார்வையிடும் ஆசிரியர் கையில் குறிப்பேட்டோடு அமர்ந்திருப்பார். பின்னக் கணக்கை விளக்கும்போது பயிற்சி மாணவி கரும்பலகையைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தாளா, மூன்றாம் வரிசைச் சிறுவன் எப்போது ஜன்னல் பக்கம் திரும்பினான், ஒரு கேள்விக்கு விடை வராதபோது அவளே விடையைச் சொல்லிவிட்டாளா என்பது போன்றவை அந்தக் குறிப்பேட்டுக்கு உரிய செய்திகள். வகுப்பு முடிந்ததும் அவை அவளுக்குச் சொல்லப்படும். மறுநாள் அவள் அதே பிள்ளைகள் முன் மறுபடியும் நிற்க வேண்டும். கற்பிக்கும் கலையைச் சொற்பொழிவால் தந்துவிட முடியாது என்பதை அந்த நிறுவனம் தன் நாள் அட்டவணையிலேயே ஒப்புக்கொண்டிருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு குறையும் தொடர்ந்து இருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் முழுப் படிப்பையும் முடிக்கவில்லை. இரண்டு மூன்று பருவங்கள் படித்தார்கள், கவுண்டித் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். பயிற்சியை முடித்ததற்கான பட்டயம் இல்லாமலே வேலை கிடைத்தபோது, கையில் காசில்லாத ஒரு மாணவர் முழுக்காலமும் தங்கிப் படிக்க என்ன காரணம் இருக்கிறது? நிறுவனத்தார் இதை ஒழுக்கக்குறைவு போலப் பேசிய காலமும் உண்டு. என் பார்வையில் குறை மாணவரிடம் இருக்கவில்லை. சான்றிதழ் வழங்கும் அதிகாரமும் பயிற்சி வழங்கும் பொறுப்பும் இரண்டு வெவ்வேறு கைகளில் இருந்ததே அதற்குக் காரணம்.

மூன்றாம் திருப்பம்: கைநழுவிய நிலக்கொடையும் போய்விட்ட அருங்காட்சியகமும் (1867–1885)

1862-இல் கூட்டாட்சி அரசு இயற்றிய மோரில் சட்டம், வேளாண்மையும் தொழிற்கல்வியும் கற்பிக்கும் கல்லூரிகளுக்கென்று மாநிலங்களுக்கு நிலக்கொடை வழங்கியது. டர்னர் 1851 முதல் கேட்டது இதுவே. நார்மல் பல்கலைக்கழகத்தின் பெயரில் 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லை வைத்தவர்கள் எதிர்பார்த்திருந்த வாய்ப்பும் இதுவே. 1867-இல் இடம் முடிவானபோது, மக்லீன் கவுண்டி அதிகத் தொகை முன்வைத்தும், நிறுவனம் அதே மாநிலத்தின் அர்பானா நகருக்குப் போயிற்று. 1868-இல் அங்கே திறக்கப்பட்டது தொழிற்பல்கலைக்கழகம். 1885-இல் அது இல்லினாய்ப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்த நாளிலிருந்து நார்மல் தன் பெயரின் இரண்டாம் பாதிக்கு விளக்கம் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்தது.

அறிவியல் துறையிலும் இதேபோன்ற நிகழ்வு ஒன்று உண்டு. மாநில இயற்கை வரலாற்றுக் கழகத்தின் அருங்காட்சியகம் நார்மலின் கட்டடத்தில் இருந்தது. போரில் வலக்கையை இழந்த ஜான் வெஸ்லி பவல் அதன் காப்பாளராக இருந்துகொண்டு, 1867-இல் மாணவர்கள் அடங்கிய குழுவோடு ராக்கி மலைகளுக்குப் போனார். 1869-இல் கொலராடோ ஆற்றின் பெரும் பள்ளத்தாக்கைப் படகில் கடந்து நாடறிந்தவரானார். அவருக்குப் பின் வந்த ஸ்டீபன் ஃபோர்ப்ஸ் அதை மாநில இயற்கை வரலாற்று ஆய்வகமாக வளர்த்தார். பள்ளிகளுக்கு மாதிரிப் பொருள்களைத் தந்து உதவுவதும் அதன் பணிகளுள் ஒன்றாக இருந்தது. பறவையையும் மீனையும் பூச்சியையும் கையில் எடுத்துப் பார்த்துப் படித்த ஒருவர் கிராமப் பள்ளிக்குப் போனால், அவர் நடத்தும் பாடம் வேறாக இருக்கும். 1885-இல் அந்த ஆய்வகமும் ஃபோர்ப்ஸும் அர்பானாவுக்கு இடம்பெயர்ந்தனர். நிலக்கொடையை இழந்ததைவிட இது பெரிய இழப்பு என்று நான் எண்ணுகிறேன். முன்னது வராத செல்வம், இதுவோ கையில் இருந்த செல்வம்.

தனக்கென்று ஒரு கல்விமுறை (1880-கள், 1890-கள்)

இழந்தபின் நிறுவனம் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. இங்கே பயின்ற சிலர் ஜெர்மனிக்குப் போய், ஹெர்பார்ட் என்ற மெய்யியலாளரின் வழிவந்த கற்பித்தல் முறையைக் கற்றுத் திரும்பினார்கள். சார்லஸ் டி கார்மோ, மக்மர்ரி சகோதரர்கள் ஆகியோர் வழியாக, அமெரிக்காவில் அந்த முறை பரவியதற்கு நார்மல் ஒரு முதன்மை மையமாக அமைந்தது. 1895-இல் நாடுதழுவிய ஹெர்பார்ட் சங்கம் உருவானபோது முன்னின்றவர்களில் இவர்கள் உண்டு. நம் ஊர்க் கல்வியியல் கல்லூரிகளில் பாடக்குறிப்பு எழுதியவர்களுக்கு ஹெர்பார்ட்டின் படிகள் புதியவை அல்ல: ஆயத்தம், வழங்குதல், ஒப்பிட்டு இணைத்தல், பொதுமைப்படுத்தல், பயன்படுத்துதல்.

பெயரைக் காத்த முடிவு (1900–1930)

இதற்குள் மாநிலத்தின் ஒரே நார்மல் நிறுவனமாக இது இல்லை. தெற்கே கார்பண்டேலில் 1874-இல் ஒன்று திறந்தது; 1895-இல் டிகால்பிலும் சார்ல்ஸ்டனிலும், 1899-இல் மக்கோம்பிலும் ஒவ்வொன்றாகச் சட்டங்கள் வந்தன. உயர்நிலைப் பள்ளிகள் பெருகவே, அவற்றுக்கு ஆசிரியர்களை யார் தருவது என்ற கேள்வி எழுந்தது. அர்பானாவின் பட்டதாரிகளே போதும், நார்மல்கள் தொடக்கப் பள்ளியோடு நிற்கட்டும் என்று ஒரு தரப்பு சொல்லிற்று. 1900 முதல் 1930 வரை நார்மலின் தலைவராக இருந்தவர் அதை ஏற்கவில்லை. உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கும் கற்பிக்கும் பயிற்சி வேண்டும், அதை அதற்கென்றே நிறுவப்பட்ட இடம்தான் தர முடியும் என்பது அவர் வாதம். 1907-இல் பட்டம் வழங்கும் உரிமை கிடைத்தது. கல்வியியல் இளநிலைப் பட்டத்துக்கான நான்காண்டுப் படிப்பு உருவாயிற்று. ஐம்பது ஆண்டுகாலப் பாதிப் படிப்புச் சிக்கலுக்குக் கிடைத்த முதல் உறுதியான மருந்து இது.

1921-இல் டிகால்ப், சார்ல்ஸ்டன், மக்கோம்பு நிறுவனங்கள் 'நார்மல்' என்ற சொல்லை விட்டு 'ஆசிரியர் கல்லூரி' என்று பெயர் மாற்றிக்கொண்டன. நாடெங்கும் அதுவே நடந்துகொண்டிருந்தது. நார்மல் மட்டும் மாற்றவில்லை. பிடிவாதம் என்று அதைச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் 'ஆசிரியர் கல்லூரி' என்று மாற்றிக்கொண்டிருந்தால், 1857-இல் கிடைத்த 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லைத் தானே விட்டுக்கொடுத்ததாகியிருக்கும். இரண்டு சொற்களையும் சேர்த்தே வைத்துக்கொண்டது சரியான முடிவு.

பெயர் போன காலம் (1945–1968)

இரண்டாம் உலகப் போருக்குப் பின் திரும்பிய படைவீரர்களின் கல்விக்கு அரசு பணம் தந்தது. அவர்கள் எல்லாரும் ஆசிரியராக விரும்பவில்லை. பிறகு, போருக்குப் பின் பிறந்த பெரும் தலைமுறை கல்லூரி வயதை எட்டியது. ஒரே நோக்கத்துக்கென்று இருந்த நிறுவனத்துக்குள் பல நோக்கங்களோடு மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். கார்பண்டேல் 1947-இலும், மற்ற மூன்றும் 1957-இலும் பல்கலைக்கழகங்களாகின. முதலிலேயே பல்கலைக்கழகம் என்ற பெயரோடு பிறந்த நார்மல், கடைசியாகப் பெயர் மாற்றியது.

அந்த மாற்றம் இரண்டு படிகளில் நடந்தது. 1964 தொடக்கத்தில் அது 'நார்மலில் உள்ள இல்லினாய் மாநிலப் பல்கலைக்கழகம்' என்றாயிற்று. சொல் நீங்கவில்லை, பொருள் மாறியது. அதுவரை நிறுவனம் செய்யும் வேலையைச் சொன்ன 'நார்மல்', அன்றுமுதல் நிறுவனம் இருக்கும் ஊரை மட்டும் சொன்னது. பழைய மாணவர்களின் மனத்தைப் புண்படுத்தாமல் கடக்க அது ஒரு பாலம் போல உதவியது. 1968 தொடக்கத்தில் அந்தச் சொல்லும் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே, ஆசிரியப் பயிற்சி தவிர்த்த கலை, அறிவியல் படிப்புகளுக்குக் கதவு திறந்தாயிற்று. 'நார்மல்' என்ற சொல்லுக்குப் பேச்சுவழக்கில் 'இயல்பான' என்ற பொருளே நிலைத்துவிட்டபடியால், புதிய மாணவர்களுக்கு அது விளக்கம் தேவைப்படும் பெயராகியிருந்தது என்பதையும் மறுக்க முடியாது.

முதல் கட்டடம் இந்த மாற்றத்தைப் பார்க்கவில்லை. 1946-இல் அதன் மேற்பகுதி இறக்கப்பட்டது. 1958-இல் கட்டடம் முழுவதும் இடிக்கப்பட்டது. அதன் மணி மட்டும் வளாகத்தில் காக்கப்பட்டிருக்கிறது.

விளைவு

பெயர் மாறியபின் ஆசிரியப் பயிற்சி அழிந்துவிடும் என்று அஞ்சியவர்களின் அச்சம் மெய்யாகவில்லை. இல்லினாயின் பள்ளிகளுக்கு மிக அதிகமாக ஆசிரியர்களை அனுப்பும் நிறுவனங்களில் இது இன்றும் முன்னிற்கிறது. மாதிரிப் பள்ளியின் வழித்தோன்றல்களாக ஒரு தொடக்கப் பள்ளியும் ஓர் உயர்நிலைப் பள்ளியும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலேயே நடந்துவருகின்றன. நாட்டின் பல பல்கலைக்கழகங்கள் இத்தகைய பள்ளிகளைச் செலவு என்று கருதி மூடிவிட்ட பின்னும் இங்கே அவை மூடப்படவில்லை. 'மகிழ்வோடு கற்போம், கற்பிப்போம்' என்ற கருத்துடைய குறிக்கோளுரையும் நிலைத்திருக்கிறது.

மாறியது வேறொன்று. முன்பு கணிதம் கற்பித்தவரும் தாவரவியல் கற்பித்தவரும் வரலாறு கற்பித்தவரும், தம் முன் அமர்ந்திருப்பவர் நாளை ஒரு வகுப்பறையில் நிற்கப்போகிறவர் என்ற நினைவோடு பாடம் நடத்தினார்கள். பல்துறைப் பல்கலைக்கழகமான பின், அந்த நினைவு கல்வியியல் துறையின் தனிப்பொறுப்பாகியது. இது கணக்கில் எழுதிக் காட்டக்கூடிய இழப்பாக இல்லை. ஆனால் ஆசிரியப் பயிற்சியில் இருப்பவர்கள் இதன் எடையை அறிவார்கள்.

மாற்றிச் செய்யத்தக்கவை

இதே நிலையில் இன்று இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு, இந்த நிகழ்விலிருந்து நான் சொல்லக்கூடியவை சில. சட்டத்தில் இரண்டு நோக்கங்களைச் சேர்த்து எழுத நேர்ந்தால், இரண்டாவது நோக்கம் எப்போது, யாருடைய முடிவால், எந்த நிதியில் தொடங்கும் என்பதையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். 1857-இல் அது எழுதப்படாததால், 1867-இல் நிலக்கொடை வந்தபோது நார்மலிடம் எதிர்பார்ப்பு இருந்ததே தவிர உரிமை இருக்கவில்லை.

பாதியில் போனவர்களுக்குத் திரும்பி வரும் வழி வேண்டியிருந்தது. இரண்டு பருவம் படித்தவருக்கு அந்த அளவுக்கான சான்று தந்து, இரண்டாண்டு பள்ளியில் கற்பித்தபின் வந்து தொடர்ந்து படிக்க இடம் ஒதுக்கியிருந்தால், அவர்களுடைய பணி அனுபவமே மாதிரிப் பள்ளியின் பாடமாகியிருக்கும். உறுதிமொழியில் கையொப்பம் பெற்றவர்கள், கையொப்பமிட்டவர் எந்தப் பள்ளியில் எத்தனை ஆண்டு கற்பித்தார் என்பதையும் அதே ஏட்டில் தொடர்ந்து பதிந்து வந்திருக்க வேண்டும்.

ஆய்வகம் இடம்பெயர்ந்த 1885-இல், பள்ளிகளுக்குப் பயன்படும் சேகரிப்பின் ஒரு பகுதியையாவது, அதை நடத்தத் தெரிந்த ஒருவரோடு, நார்மலிலேயே நிறுத்திக்கொள்ளக் கேட்டிருக்க வேண்டும். பெயர் மாற்றத்தின்போது, கலை அறிவியல் துறைகளில் புதிதாக வரும் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சில நாட்களாவது மாதிரிப் பள்ளியில் பின்வரிசையில் அமர்ந்து பார்க்க வேண்டும் என்ற விதியை வைத்திருக்க வேண்டும். 1857-இல் வாடகை மண்டபத்தில் வகுப்பைத் தொடங்கியதையும், வாய்மொழி உறுதியைப் பத்திரமாக்கியதையும், மாதிரிப் பள்ளியை எந்தக் காலத்திலும் மூடாமல் இருந்ததையும் மட்டும் எவ்வகையிலும் மாற்றக் கூடாது.